தண்ணீர் போகும் வழியே: பாலக்காடு முதல் இடுக்கி எல்லை வரை சைக்கிள் தடங்கள்

பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. கேரளப் பக்கம் இரண்டுக்கும் நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் இருக்கின்றன. கிழக்கே ஆனைமலைத் தொடர். அதன் அடிவாரத்தில் தமிழ்நாட்டின் பொள்ளாச்சியும் உடுமலையும். பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குச் சைக்கிளில் போக நினைப்பவர் கேரளத்துக்குள்ளேயே போவதென்றால் திருச்சூர், கோதமங்கலம், அடிமாலி என்று நெடுஞ்சாலைகளைத்தான் நம்ப வேண்டும். லாரிக்கும் பேருந்துக்கும் ஒதுங்குவதிலேயே பொழுது போய்விடும். எல்லையைத் தாண்டிக் கிழக்கே வந்து கொல்லங்கோடு, ஆனைமலை, தளி, அமராவதி, சின்னாறு, மறையூர் என்று மலையைச் சுற்றிக்கொண்டு போகும் வழி ஒன்று இருக்கிறது. சுற்றுவழி என்று தோன்றினாலும் தூரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர்தான்.

இந்தக் கிழக்கு வழிதான் சைக்கிளுக்கு ஏற்றது என்பது என் முடிவு. கண்ணுக்குக் குளிர்ச்சியான வழி என்பது அதற்கு ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் தண்ணீர். ஆனைமலையைச் சுற்றியுள்ள இந்த நிலம் முழுவதும் அணைகளாலும் வாய்க்கால்களாலும் பின்னப்பட்டது. வாய்க்காலில் தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்றால் ஆயிரக்கணக்கான அடி நீளத்துக்கு ஓர் அடி என்ற அளவில்தான் சரிவு இருக்க முடியும். அப்படிப்பட்ட தடத்தை மேட்டிலும் பள்ளத்திலும் தேடிக் கண்டுபிடித்து, அளந்து, வெட்டி முடித்தார்கள் பொறியாளர்கள். சைக்கிள்காரருக்கு வேண்டியதும் அதே மட்டம்தான். எனவே இந்தப் பகுதிக்குச் சைக்கிள் வரைபடம் ஒன்று வேண்டுமானால் புதிதாக வரைய வேண்டியதில்லை. பாசனத் துறையின் வரைபடத்தை எடுத்து விரித்தாலே முக்கால் பங்கு வேலை முடிந்துவிடும்.

காற்று எந்தப் பக்கம்

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் காற்றைப் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் இந்த வாசல் வழியாக நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலை, பல்லடம் பக்கத்திலும் காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம். கார்த்திகை முதல் தை வரை நிலைமை தலைகீழ். வறண்ட கீழ்காற்று கோவைப் பக்கமிருந்து பாலக்காட்டை நோக்கி வீசும். சமவெளியில் எதிர்காற்றை மிதிப்பது ஏற்றத்தை மிதிப்பதைவிடக் கொடுமை. ஏற்றம் ஒரு மேட்டோடு முடிந்துவிடும், காற்று முடிவதில்லை.

இதிலிருந்து ஒரு கணக்குப் போடலாம். மார்கழியில் போகிறவர் மூணாறில் தொடங்க வேண்டும். மறையூர் வழியாக இறங்கி, உடுமலைச் சமவெளியில் கீழ்காற்று முதுகைத் தள்ள மேற்கே திரும்பி, பாலக்காட்டில் முடிக்கலாம். இறக்கமும் காற்றும் சேர்ந்து துணை வரும். ஆடி, ஆவணியில் போகிறவர் பாலக்காட்டில் தொடங்கலாம். மேல்காற்று உடுமலை வரை கொண்டுவந்து விடும். ஆனால் அந்த மாதங்களில் மூணாறு வரை போகக் கூடாது, மறையூரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மறையூர் மழைமறைவுப் பகுதி, மூணாறு அப்படியில்லை. 2018 வெள்ளத்தில் மூணாறு–மறையூர் சாலையின் பெரியவாரைப் பாலம் போயிற்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு மண்ணுக்குள் புதைந்து 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்த மலையில் ஆகஸ்ட் மழையை வேடிக்கை பார்க்கும் பொருளாக எண்ணக் கூடாது. பங்குனி, சித்திரை இரண்டும் பாலக்காட்டில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்கள். அப்போது எந்தத் திசையிலும் போக வேண்டாம்.

கரை ரோடு என்பது என்ன

வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டுவது என்றதும் ஐரோப்பாவின் நினைவு வருவது இயல்பு. பிரான்சில் 1681-இல் முடிந்த மிதி கால்வாய் 240 கிலோமீட்டர் நீளம். அமெரிக்காவின் செசபீக்–ஒஹாயோ கால்வாய்க் கரை 297 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்தக் கரைப்பாதைகள் படகை இழுத்துச் செல்லும் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் போடப்பட்டவை. விலங்கு நிற்காமல் நடக்க வேண்டும் என்பதால் பாதை அறுபடாமல் தொடர்ந்தது. பாலங்களுக்கு அடியிலும் நுழைந்து போயிற்று. படகுகள் ஓய்ந்த பிறகு அதே பாதை சைக்கிளுக்கு வாய்த்தது.

நம் பக்கத்துக் கரை ரோடு வேறு வகை. மதகைத் திறந்து மூடவும், கரை உடைப்பு இருக்கிறதா என்று பார்க்கவும், முறைத் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று சுற்றிவரவும் பாசனத் துறையின் ஜீப்புக்கும் லஸ்கர்களுக்கும் போடப்பட்டது அது. இரண்டு மைலுக்குத் தார் இருக்கும், அடுத்த மைலில் செம்மண், அதற்கடுத்து புல் மூடிய ஒற்றையடித் தடம். ஓடையைத் தாண்டும் தொட்டிப்பாலத்தில் பாதை நின்றுபோகும். இறங்கி, ஊருக்குள் சுற்றி, மறுபக்கம் ஏற வேண்டியிருக்கும். இந்த அறுபடும் தன்மையைப் புரிந்துகொண்டு வருபவர் ஏமாற மாட்டார். சமவெளியில் கரை ரோட்டையும் கிராமச் சாலையையும் மாற்றி மாற்றிக் கோத்துத்தான் பயணம் அமையும்.

மலம்புழாவும் கொல்லங்கோடும்

பாலக்காட்டுப் பக்கத்து வாய்க்கால்களில் பெரியவை மலம்புழா அணையைச் சேர்ந்தவை. 1949-இல் தொடங்கிய அந்த அணையைக் கட்டியது சென்னை மாகாண அரசு. 1955 அக்டோபரில் திறந்துவைத்தவர் காமராஜர். மறு ஆண்டே மாநில எல்லை மாறி அணை கேரளத்துக்குப் போயிற்று. அணையிலிருந்து இடதுகரை, வலதுகரை என இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. இடதுகரைக் கால்வாயின் கிளைகளைப் பிடித்துக்கொண்டு பாலக்காடு, ஆலத்தூர் தாலுகாக்களின் பாடசேகரங்கள் எனப்படும் வயல்வெளிகளுக்குள் நாள் முழுக்கச் சுற்றலாம். இரண்டாம் போகத்துக்காகக் கால்வாய் திறந்திருக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையான காலமே இதற்கு அருமையானது. கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பச்சை நெல், வரப்பில் கரும்பனை, தொலைவில் மலைச் சுவர். அணைக்குப் பின்னால் கவா பக்கம் போகும் சாலை இன்னும் அழகு. ஆனால் அது யானை வரும் இடம். பக்கத்தில் தோணி என்ற இடத்தில் ஊருக்குள் வந்து பலகாலம் அச்சுறுத்திய ஒற்றை யானையை 2023 ஜனவரியில் மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். கவாவைக் காலை எட்டு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

தெற்கே கொல்லங்கோடு. சமூக ஊடகங்களில் படங்கள் பரவியதிலிருந்து விடுமுறை நாட்களில் இங்கே கார்கள் குவிகின்றன. வயல் நடுவே போகும் ஒற்றைச் சாலைகளில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஊரே நின்றுவிடுகிறது. சைக்கிளில் வருபவரால் இந்த ஊருக்கு அந்தத் தொல்லை இல்லை. தென்மலையின் செங்குத்துச் சுவர் ஊருக்குத் தெற்கே எழுந்து நிற்க, மழைக்காலத்தில் சீதார்குண்டு அருவி வெள்ளைக் கோடாக அதில் விழும். சுள்ளியாறு, மீன்கரை என்று இரண்டு சின்ன அணைகள். காயத்ரிப் பாசனத் திட்டத்தைச் சேர்ந்தவை. அந்த அணைகளுக்கும் நென்மாறா பக்கத்துப் போத்துண்டி அணைக்கும் நடுவே மலையடிவாரத்தை ஒட்டி ஓடும் கிராமச் சாலைகளைப் பாலக்காட்டுச் சமவெளியின் மிகச் சிறந்த சைக்கிள் சாலைகள் என்று தயங்காமல் சொல்வேன். ஏற்றம் மிகக் குறைவு. நிழல் உண்டு. சாயாக்கடை எங்கும் உண்டு.

போத்துண்டியிலிருந்து நெல்லியாம்பதிக்கு ஏறும் மலைச்சாலையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கால்வலு உள்ளவருக்கு ஏறக்கூடிய சாலைதான். ஆனால் காட்டுக்குள் போகும் அந்தச் சாலையில் மாலைக்குள் இறங்கி வந்துவிட வேண்டும். சோதனைச் சாவடியில் அன்றைய நிலவரம் கேட்காமல் ஏறக் கூடாது. பரம்பிக்குளம் அதற்கும் அப்பால். கேரளத்தின் புலிகள் காப்பகமான அதற்குச் சாலை வழி தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாக மட்டுமே. இரு சக்கர வாகனத்துக்கு அங்கே அனுமதி இல்லை. அதைச் சைக்கிள் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

ஆழியாற்றின் தடம்

எனக்கு மிகப் பிடித்தது சித்தூர்–ஆனைமலைத் தடம். இது ஓர் ஆற்றின் வழி. ஆனைமலையில் இறங்கும் ஆழியாறு, ஆனைமலை ஊரைத் தொட்டு அம்பராம்பாளையம் வழியாக மணக்கடவு போய், எல்லை தாண்டி, மூலத்தரா ஒழுங்கியில் பிரிந்து, சித்தூர்ப் புழையாகப் பாலக்காட்டுக்குள் நுழைந்து, பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலுக்குப் போகிறது. தமிழ்நாட்டு மலையில் பிறந்து கேரளக் கடலில் முடியும் இந்த ஆற்றை ஆழியாறு அணையிலிருந்து சித்தூர் வரை சைக்கிளில் பின்தொடர்ந்தால் இரண்டு மாநிலமும் ஒரே வயல் என்பது தெரியும்.

மணக்கடவுத் தடுப்பணையில் நின்று பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கான ஒப்பந்தம் இரு மாநிலங்களுக்கும் இடையே 1970 மே 29-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை இந்த இடத்தில் அளந்து கேரளத்துக்குத் தர வேண்டும். மேற்கே போகும் நதிகளை மலைக்குள்ளேயே அணைகளாலும் சுரங்கங்களாலும் இணைத்துக் கிழக்கே திருப்பியது அந்தத் திட்டம். அதில் ஒரு பங்கு மீண்டும் மேற்கே இறங்கும் வாசல் மணக்கடவு. சித்தூர் தாலுகாவின் நெல்லும் தென்னையும் இந்த அளவையை நம்பி நிற்கின்றன. தண்ணீர் குறையும் ஆண்டுகளில் இரு பக்கத்து விவசாயிகளும் பதறுவது இதனால்தான்.

பழைய ஆயக்கட்டு வாய்க்கால்கள் இந்தத் தடத்தின் உயிர். பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் என்று ஐந்து. திட்டத்துக்கு வெகுகாலம் முன்பே ஆழியாற்றில் தடுப்புக் கட்டி எடுத்தவை. ஆனைமலையைச் சுற்றி இன்றும் நெல் விளைவது இவற்றால். இவற்றின் கரையில் தென்னை நிழல் விழுந்து கிடக்கும். உச்சி வெயிலிலும் மிதிக்கலாம். புதிய ஆயக்கட்டின் வேட்டைக்காரன்புதூர் கால்வாயும் பொள்ளாச்சிக் கால்வாயும் அகலமானவை, திறந்தவை, வெயில் கூடியவை. தெரியாதவர்கள் அகலமான கரையைத் தேடிப் போகிறார்கள். பழைய சின்ன வாய்க்காலைத் தேடுங்கள் என்பேன்.

எல்லையைத் தாண்டியதும் கடைப்பலகையின் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வீட்டுமொழி தமிழாக இருக்கும் குடும்பங்கள் ஏராளம். தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. வழி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. இதே மண்ணில் சித்தூர்க்காரர்கள் மாசி மாதத்தில் கொங்கன்படை என்ற விழா எடுத்து, படையெடுத்து வந்த கொங்குப் படையைப் பகவதி விரட்டியதைக் கொண்டாடுகிறார்கள். கொங்கு நாட்டுச் சைக்கிள்காரர் அந்த நாளில் போய்ப் பார்க்க வேண்டும், அன்போடு வரவேற்பார்கள். சித்தூர் தெக்கேகிராமத்தில், அங்கே சோகநாசினி என்று பெயர் பெறும் ஆற்றின் கரையில், துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. எலப்புள்ளிப் பக்கம் திரும்பினால் ராமசேரி. மண்பானையின் வாயில் வலை கட்டி, துணி விரித்து அவித்தெடுக்கும் அந்தத் தட்டை இட்லியைச் செய்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள். அங்கிருந்து பாலக்காட்டை நோக்கி வந்தால் கிணாசேரி அருகே தஸ்ராக். ஓ.வி. விஜயன் 1969-இல் வெளியிட்ட நாவலின் களம். யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் ‘கசாக்கின் இதிகாசம்’ படித்தவர்களுக்கு அந்தப் பனைகளைக் கடக்கும்போது கால் தானாகத் தளரும்.

முதலமடைப் பக்கம் மாந்தோப்புகள். நாட்டின் மற்ற இடங்களுக்கு முன்னதாகவே இங்கே மாம்பழம் சந்தைக்கு வருகிறது. பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதை 1932-இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டு, 2015-இல் அகலப் பாதையாகத் திரும்பியது. கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம், ஆனைமலை ரோடு என்று நிலையங்கள் இந்தச் சைக்கிள் தடத்துக்குக் கூடவே வருகின்றன. உள்ளூர் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொள்ள எளிய ஏற்பாடு இருந்தால் ஒருவழி மிதித்து மறுவழி ரயிலில் திரும்புவது எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகூடும்.

தளியிலிருந்து மறையூர் வரை

ஆனைமலையிலிருந்து கோட்டூர், தேவனூர்புதூர், எரிசனம்பட்டி, தளி என்று அடிவாரத்தை ஒட்டி ஒரு சாலை கிழக்கே போகிறது. பொள்ளாச்சி–உடுமலை நெடுஞ்சாலையைத் தவிர்க்க இதுவே வழி. வலது கைப்பக்கம் மலைச்சரிவில், கண்ணுக்குத் தெரியாமல், காண்டூர் கால்வாய் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து திருமூர்த்தி அணை வரை 49 கிலோமீட்டர், மலையின் சம உயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகும் கால்வாய் அது. பொறியியலாகப் பார்த்தால் இந்த வட்டாரத்தின் மிகச் சிறந்த கரைப்பாதை. ஆனால் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வெளியாருக்கு அனுமதி இல்லை. அப்படியே இருக்கட்டும். தண்ணீர் குடிக்க வரும் விலங்குகள் தவறி விழுந்து தவிக்கும் கால்வாய்க்கு மனிதக் கூட்டம் வேறு வேண்டாம்.

திருமூர்த்தி அணையிலிருந்து பிரதானக் கால்வாய் உடுமலை, பல்லடம், காங்கயம் நோக்கிப் போகிறது. மொத்தப் பாசனம் 3.77 லட்சம் ஏக்கர், நான்கு மண்டலங்கள், முறை வைத்துத் தண்ணீர். எந்த மண்டலத்துக்கு எப்போது திறப்பு என்று கேட்டுக்கொண்டு போனால்தான் கிளை வாய்க்காலில் தண்ணீரைப் பார்க்கலாம்; இல்லையென்றால் வறண்ட காங்கிரீட் தொட்டிதான். இங்கே சீமைக்கருவேல முள் அதிகம். இரண்டு டியூபும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இல்லாமல் கரையில் ஏறாதீர்கள்.

நான் இந்தக் கால்வாயைவிட அமராவதியின் பழைய ராஜவாய்க்கால்களையே பரிந்துரைப்பேன். கல்லாபுரம், குமரலிங்கம், கொழுமம், கண்ணாடிப்புத்தூர் என்று ஆற்றை ஒட்டி நெல்லும் கரும்பும் தென்னையும் மாறி மாறி வரும். 1957-இல் கட்டிய அமராவதி அணைக்குக் கீழே, மூன்று பக்கமும் மலை சூழ, கல்லாபுரத்து நெல்வயல் விரிந்து கிடக்கிறது. தஞ்சைக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் மலையை மட்டும்தான் புதிதாகப் பார்ப்பார். கொழுமத்துத் தாண்டேசுவரர் கோயில் வரை போய்த் திரும்புவது அரை நாள் வேலை.

அமராவதிக்குப் பின் காடு. தமிழக வனத்துறையின் ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டி, சின்னாறில் கேரளச் சாவடி தாண்டி, 90 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்னாறு வனவிலங்கு சரணாலயத்தின் ஊடே சாலை மறையூருக்கு ஏறுகிறது. கேரளம் என்றாலே மழைக்காடு என்று நினைத்து வருபவருக்கு இந்த முள்காடு வியப்பாக இருக்கும். சாம்பல் நிற அணிலும் நட்சத்திர ஆமையும் வாழும் வறண்ட காடு. யானையும் காட்டெருமையும் சாலையைக் கடக்கும். சைக்கிளுக்குச் சத்தம் இல்லை என்பது மற்ற இடங்களில் நன்மை, இங்கே ஆபத்து. வளைவில் திரும்பும் வரை யானைக்கு உங்களைத் தெரியாது. தனியாகப் போகக் கூடாது. காலை வெயில் ஏறிய பிறகு சாவடியில் கேட்டுக்கொண்டு, மணியடித்துக்கொண்டு, நடுவில் எங்கும் நிற்காமல் மறையூர் போய்ச் சேர வேண்டும்.

மறையூர் சுமார் 1,000 மீட்டர் உயரம். பழைய அஞ்சுநாட்டின் தலைவாசல். காந்தல்லூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகியவை மற்ற ஊர்கள். தமிழ் பேசும் மலைக்கிராமங்கள். ஓடைத் தண்ணீரைச் சின்ன வாய்க்காலில் திருப்பி வளர்த்த கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகைகள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் இங்கேதான் உருண்டை பிடிக்கப்படுகிறது. பாறை மேட்டில் முனியறைகள் என்று சொல்லும் பெருங்கற்காலக் கல்லறைகள். வேலி போட்டுக் காக்கும் சந்தனக் காடு. இங்கே ஒரு நாள் தங்காமல் மூணாறுக்கு ஓடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மறையூரிலிருந்து மூணாறு வரை சுமார் 40 கிலோமீட்டர். லக்கம் அருவி, தலையாறு, வாகுவாரை தேயிலைத் தோட்டங்கள், இரவிகுளத்தின் ஓரம் என்று ஏறிக்கொண்டே போகும். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் விடுமுறை நாட்களில் சுற்றுலா வண்டிகளின் நெரிசல் அதிகம். படையப்பா என்று பெயர் பெற்ற கொம்பன் யானையும் இந்தச் சாலையில் அடிக்கடி நிற்கும்.

கம்பம் பள்ளத்தாக்கு

இடுக்கியின் கிழக்கெல்லையில் இன்னொரு வாய்க்கால் நாடு இருக்கிறது. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பகுதியில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதனால் விளைகிறது. 18-ஆம் கால்வாயும் பி.டி.ஆர். கால்வாயும் உத்தமுத்து போன்ற பழைய வாய்க்கால்களும் சேர்ந்து பள்ளத்தாக்கு முழுக்கக் கரை ரோடுகளைத் தருகின்றன. கரைக்கு மேல் மேட்டில் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தில் தொடங்கி வாய்க்கால் வழியே சின்னமனூர் வரை போவது முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும்கூட ஏற்ற பயணம்.

இங்கிருந்து இடுக்கி மலைக்கு மூன்று வாசல்கள்: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. குமுளிச் சாலை சபரிமலைக் காலத்தில், நவம்பர் நடு முதல் ஜனவரி நடு வரை, வாகனக் கடல். அப்போது கம்பம்மெட்டுப் பக்கமும் திருப்பிவிடுவார்கள். போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவு. சைக்கிளுக்குச் சாலை நன்றாக இருக்கிறது, மேலே பூப்பாறையைத் தாண்டினால் ஏலக்காட்டு நிழல். அதிகாலையில் மட்டும் இறங்கவோ ஏறவோ வேண்டாம். ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வளைவுகளில் பறக்கும் நேரம் அது. சின்னக்கானல் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. 2023 ஏப்ரலில் அங்கிருந்து பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் அடுத்த மாதமே கம்பம் நகருக்குள் வந்து நின்றதை இரு மாநிலமும் மறக்கவில்லை.

யாருடைய கரை

கரை ரோடு பாசனத் துறையின் சொத்து. அதன் முதல் பயனாளி விவசாயி. அறுப்பு இயந்திரமும் வைக்கோல் வண்டியும் தேங்காய் ஏற்றிய டிராக்டரும் வரும்போது சைக்கிளை ஓரம் கட்டி இறங்கி நிற்பதில் பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர்த் திருட்டைத் தடுக்க ரோந்து போகும் பருவத்தில், இரவில் கரையில் வெளியார் நடமாடுவது சந்தேகத்தை வளர்க்கும். பொழுது சாய்ந்தால் கரையை விட்டு இறங்கிவிட வேண்டும்.

என் பெரிய கவலை தடுப்புச் சுவர் பற்றியது. பெரும்பாலான கரைகளில் பாதைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒன்றுமில்லை. காங்கிரீட் பூசிய சாய்வுச் சுவரில் பாசி படிந்திருக்கும். விழுந்தவர் நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் பிடித்து ஏற முடியாது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட வாய்க்காலில் கார்களே கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. இது சைக்கிள்காரரின் பிரச்சினை மட்டும் அல்ல. அரசு கொடுத்த சைக்கிளில் தினமும் இந்தக் கரை வழியே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் பிரச்சினை.

இன்னொரு கவலை, கரைகளை எல்லாம் அகலமாக்கித் தார் போட்டுக் காருக்குக் குறுக்குவழி ஆக்கும் ஆசை. செசபீக்–ஒஹாயோ கால்வாயின் மேல் கார்ச்சாலை போட ஒரு காலத்தில் திட்டம் இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-இல் பத்திரிகைக்காரர்களை அழைத்துக்கொண்டு அந்தக் கரை முழுவதும் நடந்து எதிர்ப்புக் காட்டினார். 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று. நம் கரைகளுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. செம்மண்ணைக் கெட்டித்து வைத்தால் போதும். மரத்தை வெட்டாமல் இருந்தால் போதும்.

இரு மாநிலப் பாசனத் துறைகளுக்கும் சுற்றுலாத் துறைகளுக்கும் கேட்டுக்கொள்வது சில காரியங்கள்தான். பள்ளிப் பிள்ளைகள் போகும் கரைகளுக்கு முதலில் தடுப்புக் கம்பி போடுங்கள். வளைவிலும் மதகிலும், விழுந்தவர் பிடித்து ஏறப் படியோ இரும்பு வளையமோ வையுங்கள். எந்தக் கரையில் போகலாம், எங்கே கூடாது, எந்த மாதம் தண்ணீர் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய பலகைகளை மணக்கடவிலும் மூலத்தராவிலும் அமராவதியிலும் லோயர் கேம்ப்பிலும் நடுங்கள். ஒரே தண்ணீரை அளந்து பங்கிடத் தெரிந்த இரு அரசுகளுக்கு ஒரே பலகையில் இரண்டு மொழி எழுதுவது பெரிய காரியம் இல்லை.

சைக்கிள்காரருக்கு: முதல் முறை போகிறவர் மலையை விட்டுவிடுங்கள். தை மாதத்து ஒரு காலையில் ஆனைமலையில் இறங்கி, பெரியணை வாய்க்காலைப் பிடித்து, கீழ்காற்றோடு சித்தூர் வரை போய் வாருங்கள்.